பினாங்கில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு வாரக் கோடைப்பள்ளி: கணக்கும் கால அட்டவணையும் கோட்டை விடும் இடங்களும்

கேள்வியின் சுருக்கம் இது. பினாங்கிலுள்ள ஒரு வணிகப் பள்ளி, பிஎச்டியும் டிபிஏவும் (வணிக நிர்வாக முனைவர் பட்டம்) செய்யும் மாணவர்களுக்கு ஒரு வாரம் தங்கிப் படிக்கும் கோடைப்பள்ளி நடத்த நினைக்கிறது. வெளிப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆள் வருவார்கள். 30 பேர்வரை எடுக்கலாமா, எங்கே தங்க வைப்பது, நாளை எப்படிப் பிரிப்பது, என்ன செலவாகும், எதில் சொதப்பும்?

30 வேண்டாம், 24 போதும். இதற்கு இட வசதி காரணமில்லை. விரிவுரை மட்டும்தான் என்றால் 60 பேரைக்கூட உட்கார வைக்கலாம். ஆனால் விரிவுரையை ஸூமிலேயே கேட்டுவிடலாமே, அதற்கு எதற்கு விமானச் சீட்டும் ஹோட்டல் அறையும்? ஆளை வரவழைத்துத் தங்க வைப்பதற்கு ஒரே நியாயம்தான் உண்டு. மாணவர் எழுதிய பக்கங்களை, அவருடைய மேற்பார்வையாளர் அல்லாத ஒருவர் முன்கூட்டியே படித்துவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். மலேசியாவில் பல பிஎச்டி திட்டங்கள் ஆய்வை மட்டுமே கொண்டவை, பாடநெறி குறைவு. சில மாணவர்கள் மூன்று வருடம் ஒரே மேற்பார்வையாளரைத் தவிர வேறு யாரிடமும் தங்கள் எழுத்தைக் காட்டியிருக்கவே மாட்டார்கள். ஆகவே கணக்கை, அப்படி உட்கார்ந்து பேசும் மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு கட்டுரைக்கு 50 நிமிடம் ஒதுக்குங்கள். அதற்குக் கீழே போனால் மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார்கள். ஒரு மேசைக்கு 6 மாணவர், ஒரு பேராசிரியர். ஒரு பிற்பகலுக்கு இரண்டு கட்டுரை என்றால் மூன்று பிற்பகலில் ஆறும் முடியும். அதற்கு மேல் மூன்றாவது கட்டுரையை நுழைத்தால் கடைசியில் வருபவருக்குச் சோர்ந்த முகங்கள்தான் மிஞ்சும். நான்கு மேசை, நான்கு பேராசிரியர், 24 மாணவர். முறையியல் பயிற்சிக்கு ஐந்தாவதாக ஒருவர். 30 பேரை எடுத்தால் ஐந்தாவது மேசை, ஐந்தாவது தனி அறை, ஆறாவது பேராசிரியர் என்று வரிசையாக வந்து நிற்கும். அந்த ஆறாவது ஆள் கடைசி வாரத்தில் வர முடியவில்லை என்று சொன்னால் ஒரு மேசையே அநாதையாகிவிடும்.

அந்த 50 நிமிடத்தைச் சும்மா பேச விட்டால் கெட்டுப்போகும். எழுதியவருக்கு 5 நிமிடம், அதுவும் ஸ்லைடு இல்லாமல். ஸ்லைடு கொடுத்தால் 25 நிமிடம் எடுத்துக்கொள்வார். அடுத்து அதே மேசையிலுள்ள ஒரு மாணவர் 10 நிமிடம் விமர்சகராகப் பேச வேண்டும், பேராசிரியர் 10 நிமிடம். இந்த இருபது நிமிடமும் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, குறிப்பெடுக்க மட்டும் அனுமதி. பிறகு 20 நிமிடம் திறந்த பேச்சு. கடைசி 5 நிமிடத்தில் எழுதியவர் தன் காதில் என்ன விழுந்தது என்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி ஐந்தை யாரும் வெட்ட விடாதீர்கள். சொன்னதற்கும் காதில் விழுந்ததற்கும் எவ்வளவு தூரம் என்பது அங்கேதான் தெரியும்.

மேசையில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். பினாங்கு ஹோட்டல் ஊழியர்களின் பணித் திருப்தி பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். மாதிரி அளவு 384 என்று போட்டிருப்பார். இந்த எண்ணை மலேசிய ஆய்வேடுகளில் பார்க்காதவர் யாருமில்லை. 1970-ல் கிரெய்சியும் மார்கனும் வெளியிட்ட அட்டவணையில் பெரிய மக்கள்தொகைக்கு வரும் எண் அது. பேராசிரியர் கேட்க வேண்டிய கேள்வி: அந்த அட்டவணை எந்தக் கேள்விக்கு விடை? ஒரு விகிதத்தை, எழுமாற்று மாதிரியில், 95% நம்பிக்கையோடும் 5% பிழை எல்லையோடும் மதிப்பிடுவதற்கு அது விடை. இவரோ தெரிந்த நான்கு ஹோட்டல்களில் கூகுள் படிவத்தைச் சுற்றவிட்டு, பிஎல்எஸ் என்ற புள்ளியியல் முறையில் பாதைக் கெழுக்களை, அதாவது ஒரு மாறி இன்னொன்றை எவ்வளவு பாதிக்கிறது என்ற எண்களை, சோதிக்கப் போகிறார். கேள்வி வேறு, விடை வேறு. காக் (Kock), ஹடாயா (Hadaya) இருவரும் 2018-ல் முன்வைத்த தலைகீழ் வர்க்கமூல முறைப்படி, 5% முக்கியத்துவ மட்டத்தில் 80% ஆற்றல் (உண்மையில் இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வேண்டுமென்றால் 2.486-ஐ எதிர்பார்க்கும் மிகச் சிறிய பாதைக் கெழுவால் வகுத்து வர்க்கப்படுத்த வேண்டும். கெழு 0.2 என்றால் 155 பேர் போதும். 0.15 என்றால் 275. 0.1 என்றால் 619. ஆக 384 என்பது ஒருவருக்குத் தேவைக்கு மேல், இன்னொருவருக்குப் பற்றாது. இந்தப் பத்து நிமிடப் பேச்சு அந்த மாணவருக்கு இரண்டு நாள் விரிவுரையைவிடப் பெரிது. மற்ற ஐந்து பேரும் தங்கள் மூன்றாம் அத்தியாயத்தை (முறையியல்) அன்றிரவே திறந்து பார்ப்பார்கள்.

இது நடக்கக் கட்டுரை முன்கூட்டியே கைக்கு வர வேண்டும். 8 முதல் 10 பக்கம், இரட்டை இடைவெளி, நான்கு வாரத்துக்கு முன் கெடு. பேராசிரியருக்கு மூன்று வாரத்துக்கு முன் அனுப்பினால் போதும். நடுவிலுள்ள அந்த ஒரு வாரம், “ஐயா, இன்னும் இரண்டே நாள்” என்று வரும் மின்னஞ்சல்களுக்கு. அந்த வாரமும் தாண்டினால் மேசையில் இடமில்லை, வகுப்புக்கு மட்டும் வரலாம். இதைச் சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எட்டுப் பேர் கேட்பார்கள். ஒவ்வொரு மாணவரும் தன் மேசையின் மற்ற ஐந்து கட்டுரைகளையும் படித்துவிட்டு வர வேண்டும், மொத்தம் 50 பக்கத்துக்குள்தான். யார் யாருக்கு விமர்சகர் என்பதைப் பத்து நாளுக்கு முன்பே அறிவித்துவிட்டால் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது.

மேசைகளைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கத் தோன்றும். நான் முறை வாரியாகப் பிரிக்கச் சொல்வேன். சந்தைப்படுத்தலும் மனிதவளமும் ஒரே மேசையில் உட்காரலாம், இருவருடையதும் கணக்கெடுப்பு ஆய்வாக இருந்தால். பங்குச் சந்தைத் தரவை வைத்துப் விளக்க மாறியும் கணக்கில் வராத பிழைப் பகுதியும் ஒன்றோடொன்று தொடர்புறும் சிக்கலோடு மல்லுக்கட்டும் நிதி மாணவரை நேர்காணல் ஆய்வாளர்களோடு போட்டால், இரண்டு பக்கமும் புன்னகைத்துக்கொண்டே நேரம் போகும். யாரை எடுப்பது என்பதிலும் இதே பார்வை வேண்டும். முன்மொழிவுத் தேர்வு முடிந்து, தரவு சேகரிக்கத் தொடங்காதவர்தான் சிறந்த தேர்வு. ஆய்வுக் கேள்வியே இல்லாதவருக்கு மேசையில் வேலை இல்லை. ஐநூறு படிவம் திரட்டி முடித்தவரிடம் “அளவுகோல் தவறு” என்று சொன்னால் அழுகைதான் மிஞ்சும். விண்ணப்பத்துக்கு இரண்டு பக்கச் சுருக்கமும் மேற்பார்வையாளரின் சம்மதக் கடிதமும் போதும்.

சம்மதக் கடிதம் வெறும் சம்பிரதாயமில்லை. தங்கல் பள்ளிகளுக்குப் பிறகு வரும் மிகப் பெரிய தகராறு, “பினாங்கில் பேராசிரியர் இப்படிச் சொன்னார்” என்று மாணவர் போய் நிற்பதும், மேற்பார்வையாளர் முகம் சிவப்பதும்தான். தண்டனை மாணவருக்கு. ஆகவே மேசைப் பேராசிரியர்களுக்கு ஒரு விதி: எழுத்தில் கொடுக்கும் குறிப்புகள் கேள்வி வடிவில் இருக்கட்டும். “இந்த அளவுகோலை நீக்குங்கள்” என்று எழுதாமல், “இந்த அளவுகோல் உங்கள் கருத்தாக்கத்தின் எந்தப் பகுதியை அளக்கிறது, மேற்பார்வையாளரோடு பேசிப் பாருங்கள்” என்று எழுதச் சொல்லுங்கள். கோட்பாட்டை மாற்று, மாதிரியைத் தூக்கிப் போடு என்ற அளவுக்குப் பேசுவதை மேசைக்கு வெளியே, தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

தேதி. நம் ஊரில் கோடை என்று ஒன்று தனியாக இல்லை, வருடம் முழுக்க வெயில்தான். ஆனாலும் ஐரோப்பிய, அமெரிக்கப் பேராசிரியர்கள் அந்த மாதங்களில்தான் கிடைப்பார்கள் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பார்க்க வேண்டியிருக்கிறது. இதில் கண்ணிவெடிகள் நிறைய. அமைப்பு ஆய்வாளர்களின் ஐரோப்பிய மாநாடான ஈகாஸ் வழக்கமாக ஜூலை முதல் பாதியில் வரும். அக்காடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஆண்டுக் கூட்டம் ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வரும். அந்த வாரம் மேலாண்மைத் துறையில் நல்ல ஆள் ஒருவரும் பினாங்குக்கு வர மாட்டார். ஜூலை 7 ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகர நாள், 2008-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததை ஒட்டிய மாநில விடுமுறை, அலுவலகங்கள் இருக்காது. ஜார்ஜ் டவுன் விழா நாட்களும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் அறை வாடகை ஏறும். இஸ்லாமிய நாட்காட்டி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால் ஹஜ்ஜுப் பெருநாளும் அவால் முஹர்ரமும் (இஸ்லாமியப் புத்தாண்டு) எங்கே விழுகின்றன என்று அந்தந்த வருடம் பார்க்க வேண்டும். இவ்வளவையும் கழித்தால் பெரும்பாலும் ஜூலை நடுப்பகுதியில் ஒரு வாரம் மிஞ்சும். யாராவது “ஜனவரியில் வைக்கலாமே” என்றால் தைப்பூசம் எப்போது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்மலைக்கு வரும் கூட்டத்துக்கு நடுவே அறையும் கிடைக்காது, பேருந்தும் நகராது.

ஆகஸ்டுக்குத் தள்ளினால் புகைமூட்டமும் கணக்கில் வரும். தென்மேற்குப் பருவக்காற்று வறண்ட காலம், சுமாத்திரா தீயின் புகை வரும் ஆண்டுகளில் வரும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிநடைத் திட்டத்தை ரத்து செய்ய வேண்டும். மாற்றாக ஓர் உள்ளரங்க நிகழ்ச்சி தயாராக இருக்கட்டும்.

இடம். இரண்டு வழி உண்டு. பல்கலைக்கழக விடுதி, அல்லது ஹோட்டல். குளுகோரிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிகளை டெசாசிஸ்வா என்பார்கள். நீண்ட விடுமுறையில் இவை காலியாகும், விலை குறைவு. ஆனால் பழைய கட்டடங்களில் மின்விசிறி மட்டும் இருக்கும், குளியலறை பொது, இரவு பத்துக்கு மேல் சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும். 26 வயது பிஎச்டி மாணவர் பொறுத்துக்கொள்வார். 45 வயதில் நிறுவனத்தில் மேலாளராக இருந்துகொண்டு டிபிஏ செய்பவர் இரண்டாம் நாளே கிராப் வாடகைக் கார் பிடித்து ஹோட்டலுக்குப் போய்விடுவார், போனவரோடு மாலை நேரப் பேச்சும் போய்விடும். உங்கள் கூட்டம் கலவையானது என்றால் ஹோட்டல்தான்.

எந்த ஹோட்டல்? பத்து பெரிங்கி கடற்கரை கண்ணுக்கு அழகு. ஆனால் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது: யாரும் நழுவ முடியாது. நகர நடுவில் போட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆள் குறையும், உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரரும் தங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை போடுங்கள். இல்லையென்றால் தங்கல் பள்ளி பெயரளவுக்குத்தான்.

ஹோட்டலோடு பேசும்போது மண்டபத்தைவிடச் சிறு அறைகளைப் பற்றி அதிகம் கேளுங்கள். ஒரே பெரிய மண்டபத்தின் நான்கு மூலையில் நான்கு மேசை போடலாம் என்பார்கள். போட முடியும், பேச முடியாது. ஒரு மேசையில் சிரித்தால் மூன்று மேசை நிற்கும். தனி அறைக்கு வாடகை கூடுதல் என்றால், பிற்பகல் 2 முதல் 4 வரை காலியாகக் கிடக்கும் காபி ஹவுஸின் ஒரு பக்கத்தையும் மேல்மாடிக் கூடத்தையும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். பெரிய மண்டபம் சமதளமாக, மேசை நாற்காலி நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். குளிர்சாதனத்தைத் தாங்களே கூட்டிக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். பல ஹோட்டல்களில் அது கட்டுப்பாட்டு அறையில் இருக்கும், மாணவர்கள் சால்வையோடு உட்கார்ந்திருப்பார்கள். மாணவர், பேராசிரியர், ஒருங்கிணைப்பாளர் இருவர் என்று 31 பேர் என்றால் மடிக்கணினி, கைப்பேசி, டேப்லெட் சேர்த்து 70 சாதனத்துக்கு மேல் வைஃபையில் ஏறும். “வைஃபை இருக்கிறது” என்ற பதிலை நம்பாதீர்கள். மண்டபத்துக்குத் தனி இணைப்புக் கேளுங்கள், கையில் ஒரு 5ஜி ரவுட்டரும் வையுங்கள். நம்முடைய மூன்று முனைச் சதுர பிளக் பலருக்குப் பொருந்தாது. பத்து அடாப்டர் வாங்கி வைத்தால் முதல் நாள் காலை அமைதியாகப் போகும்.

பணம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இங்கே ஆற்றில் போடுவதுதான் அதிகம் நடக்கும். கீழே வருவது கணக்குக் காட்டுவதற்கான உதாரண விலைகள். உங்கள் ஹோட்டல் சொல்லும் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை வந்து சனி காலை கிளம்பினால் ஆறு இரவு. மாணவருக்கு இரட்டை அறை 12, பேராசிரியருக்கு 5, ஒருங்கிணைப்பாளர் இருவருக்கு 1, மொத்தம் 18 அறை, 108 அறை-இரவு. காலைப் பசியாறலோடு 270 ரிங்கிட் என்றால் 29,160. மண்டபம், மதிய உணவு, இரண்டு தேநீர் சேர்ந்த கூட்டத் தொகுப்பு தலைக்கு நாளுக்கு 120 என்றால் 31 பேருக்கு ஐந்து நாள் 18,600. இரவுச் சாப்பாடு தலைக்கு 50 வீதம் 9,300. பேருந்தும் ஆலை வருகையும் 3,000. வெளியிலிருந்து வரும் பேராசிரியர்களின் பயணம் 12,000, ஐவருக்கும் மதிப்பூதியம் 15,000. அச்சு, ரவுட்டர், மருந்துப் பெட்டி முதலானவை 2,500. கூட்டினால் 89,560. எதிர்பாராத செலவுக்கு 10% சேர்த்தால் 98,516. 24-ஆல் வகுத்தால் ஆளுக்கு 4,105.

இப்போது 18 பேர் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அறையும் சாப்பாடும் குறையும், பேராசிரியர் செலவு குறையாது. மொத்தம் 87,230, ஆளுக்கு 4,846. அதாவது ஆறு பேர் குறைந்தால் தலைக்கு 741 ரிங்கிட் துண்டு விழும். ஆகவே கட்டணத்தை 24-ஐ வைத்துப் போடாதீர்கள், 18-ஐ வைத்துப் போட்டு, மிஞ்சுவதை உதவித்தொகையாகக் கொடுங்கள். பேராசிரியர் பயணத்தையும் ஊதியத்தையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் 24 பேர் கணக்கில் கட்டணம் 2,867-க்கு இறங்கும். பீடாதிபதியிடம் (டீன்) கேட்க வேண்டிய உதவி இதுதான், கைப்பைக்கும் டி-சட்டைக்கும் இல்லை.

விலை கேட்கும்போது “நெட்” விலையா (வரியும் சேவைக் கட்டணமும் உட்பட), “பிளஸ் பிளஸ்” விலையா (அவை தனி) என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2024 மார்ச்சில் சேவை வரி 8% ஆனது, உணவு உட்படச் சிலவற்றுக்கு 6% தொடர்ந்தது. இதற்கு மேல் ஹோட்டலின் சேவைக் கட்டணம் தனி. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. அது பெரும்பாலும் விலைப்பட்டியலில் இருக்காது, வரவேற்பு மேசையில் மாணவரிடம் கேட்பார்கள். அவர் உங்களிடம் வருவார். ஒப்பந்தத்தில் எத்தனை அறையை எந்தத் தேதிவரை இலவசமாகக் குறைக்கலாம் என்ற வரியைத் தேடுங்கள். அந்தத் தேதி உங்கள் கட்டணக் கெடுவுக்குப் பிறகு வரும்படி பேசி வாங்குங்கள், முன்னால் வந்தால் வராதவருக்கும் நீங்கள்தான் கட்டுவீர்கள்.

பயண ஆவணம். வெளிநாட்டவர் அனைவரும் வருவதற்கு மூன்று நாளுக்குள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க்காரர் போன்ற சிலருக்கு விலக்கு. விசா விதி கடவுச்சீட்டைப் பொறுத்து மாறும், இலங்கை மாணவருக்கும் இந்திய மாணவருக்கும் ஒன்றல்ல. சேர்க்கைக் கடிதம் குறைந்தது மூன்றரை மாதத்துக்கு முன் போனால்தான் விண்ணப்பிக்க நேரமிருக்கும். பாடம் நடத்த வரும் வெளிநாட்டுப் பேராசிரியர் சுற்றுப்பயணியாக நுழைந்தால் போதுமா, தொழில்முறை வருகை அனுமதி வேண்டுமா என்பதை உங்கள் அனைத்துலகப் பிரிவு குடிநுழைவுத் துறையிடம் கேட்டுச் சொல்லட்டும். மதிப்பூதியத்தில் வரிப் பிடித்தம் உண்டா என்பதை நிதிப் பிரிவிடம் அழைப்புக் கடிதத்துக்கு முன்பே கேளுங்கள். சொன்ன தொகை ஒன்று, கைக்குப் போன தொகை ஒன்று என்றால் அடுத்த வருடம் அவர் வரமாட்டார். அழைப்பே ஒன்பது மாதத்துக்கு முன் போக வேண்டும், அதில் குறைந்தது நான்கு இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கட்டும். ஒரு நாள் வந்து உரையாற்றிவிட்டு அடுத்த விமானத்தைப் பிடிக்கும் நட்சத்திரம் சுவரொட்டிக்கு நல்லது, மேசைக்கு ஆகாது.

நாளின் அமைப்பு கடிகாரத்தோடு சேர்ந்து தொழுகை நேரத்தையும் பார்த்துத்தான் அமைய வேண்டும். ஜூலையில் பினாங்கில் லுஹர் (நண்பகல் தொழுகை) 1.25 வாக்கில், மக்ரிப் (அந்தித் தொழுகை) 7.40 வாக்கில். காலை 8.30 முதல் 10 வரையும் 10.30 முதல் 12.15 வரையும் முறையியல் பட்டறை. 12.15 முதல் 2 மணிவரை சாப்பாடும் தொழுகையும். 2 முதல் 3.40 வரை மேசை. 4.10 முதல் 5.10 வரை தனிச் சந்திப்பு, ஆளுக்கு 20 நிமிடம், கதவில் ஒட்டிய தாளில் பெயர் எழுதிக்கொள்வது. அதன் பிறகு எட்டு மணி இரவுச் சாப்பாடுவரை ஒன்றும் வைக்காதீர்கள். சாப்பாட்டுக்குப் பின்னும் ஒன்றும் வேண்டாம். அட்டவணையைப் பார்க்கும் நிர்வாகிக்கு அந்த மூன்று மணி நேரம் காலியாகத் தெரியும், “ஒரு ஃபோரம் வைக்கலாமே” என்பார். அங்கேதான் மாணவர்கள் கட்டுரையைத் திருத்துவார்கள், நீச்சல் குளத்தருகே ஆசிரியரைப் பிடித்துப் பேசுவார்கள்.

மேசை திங்கள், செவ்வாய், வியாழன். புதன் பிற்பகல் வெளியே. வெள்ளி காலை ஒவ்வொருவரும் திருத்திய ஒரு பக்கத்தோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும். 24 பேர், இரண்டு அறையில் பிரித்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். வெள்ளி 12.30 முதல் 2.45 வரை ஜும்மாவுக்கு விடுங்கள், பள்ளிவாசலுக்கு வேன் ஏற்பாடு செய்யுங்கள். நிறைவு 3 மணிக்கு.

திறப்பு விழாவைத் திங்கள் காலையில் வைக்காதீர்கள். பிரமுகர் தாமதம், துஆ, உரைகள், நினைவுப் பரிசு, குழுப்படம், அதன்பின் தேநீர் என்று பதினொன்றரை ஆகிவிடும், முதல் பட்டறை செத்தது. ஞாயிறு இரவு விருந்தோடு முடித்துவிடுங்கள். பீடாதிபதிக்கும் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நீளமாகப் பேசத் தோன்றாது.

பட்டறை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு தடம் போதும்: எண்களை வைத்துச் செய்யும் அளவுசார் ஆய்வுக்கு ஒன்று, நேர்காணல் போன்ற பண்புசார் ஆய்வுக்கு ஒன்று. மென்பொருள் நிறுவுவதை ஞாயிறு மாலையே முடியுங்கள். திங்கள் காலை 20 பேர் ஒரே நேரத்தில் பதிவிறக்கினால் ஹோட்டல் வைஃபை படுத்துவிடும். நிறுவு கோப்புகளும் பயிற்சித் தரவும் ஐந்தாறு பென்டிரைவில் இருக்கட்டும். பிஎல்எஸ் மென்பொருளான ஸ்மார்ட்பிஎல்எஸ்ஸின் சோதனை உரிமம் 30 நாள்தான். ஆர்வக்கோளாறில் இரண்டு மாதம் முன்பே நிறுவிக் காலாவதியாக்கிக்கொண்டு வருபவர் உண்டு. ஆர் (R) மொழி இலவசம், அதையும் மாற்றாகப் போட்டு வையுங்கள். பதிப்பித்தல் பற்றிய அமர்வில் “நல்ல இதழை எப்படித் தேர்வது” என்ற பொது உரையைவிட, பெயர் மறைத்த நிராகரிப்புக் கடிதங்கள் நான்கை அச்சிட்டுக் கொடுத்து, இது எந்தக் கட்டத்தில், ஏன் திரும்பியது என்று கண்டுபிடிக்கச் சொல்வது பலன் தரும். பட்டம் வாங்கத் தரவுத்தளங்களில் பட்டியலிடப்பட்ட இதழில் கட்டுரை வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருப்பதால், காசு வாங்கிப் போடும் இதழ்களின் வலையில் விழுபவர் அதிகம். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

புதன் பிற்பகலுக்கு ஆலை வருகை என்றால் பாயான் லெப்பாஸ். 1972-ல் தொடங்கிய அந்தச் சுதந்திர வர்த்தக மண்டலம், ‘எட்டு சாமுராய்’ என்று அழைக்கப்படும், இன்டெல் முதலான தொடக்ககால வெளிநாட்டு நிறுவனங்கள் வந்திறங்கிய இடம். உலக மதிப்புச் சங்கிலியைப் பாடத்தில் படித்தவர் நேரில் பார்க்கலாம். இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். கடவுச்சீட்டு விவரத்தோடு பெயர்ப்பட்டியல் கேட்பார்கள், மூடிய காலணி வேண்டும், உள்ளே படமெடுக்க விட மாட்டார்கள், ரகசிய உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். கடைசி நிமிடத்தில் பெயர் மாற்ற முடியாது. ஆலை கிடைக்கவில்லையென்றால் சும்மா விடுங்கள். லிட்டில் இந்தியாவில் இறங்கினால் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் நடக்கும் தூரம், சாயங்காலம் நாசி கண்டார். அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

சாப்பாடு. “சைவம் / அசைவம்” என்று இரண்டு கட்டம் போட்ட படிவம் போதாது. நம்மவர் சைவம் என்றால் வெங்காயம் பூண்டு உண்டு, முட்டை இல்லை. சீன பௌத்தர் சைவம் என்றால் வெங்காயமும் பூண்டும் இல்லை. வேறு சிலருக்கு முட்டை பரவாயில்லை. ஆகவே முட்டை, வெங்காயம்-பூண்டு, மாட்டிறைச்சி, கடலுணவு ஒவ்வாமை என்று தனித்தனியாகக் கேளுங்கள். சமையல் முழுக்க ஹலால் சான்றுள்ள இடமாக இருக்கட்டும். பஃபேயில் ‘சாயூர்’ (காய்கறி) என்று அட்டை வைத்த கீரையை நம்பி எடுக்கக் கூடாது. கங்குங் கீரையில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், சம்பலில் நெத்திலி இருக்கும். சமையல்காரருக்கு அது காய்கறிதான். தலைமைச் சமையல்காரரோடு நேரில் உட்கார்ந்து, இறால் விழுதும் மீன் சாறும் இல்லாத இரண்டு காய், ஒரு பருப்பு, தனிக் கரண்டி என்று எழுதி வாங்குங்கள்.

அறைத் துணையை ஒருங்கிணைப்பாளர் விருப்பத்துக்குப் போடாதீர்கள். சீக்கிரம் தூங்குபவரா, குறட்டை உண்டா என்று படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் இரண்டாம் இரவுச் சண்டை பாதி குறையும். ஒற்றை அறை வேண்டுபவருக்குக் கூடுதல் கட்டணத்தை முதலிலேயே அறிவியுங்கள். அவசரத்துக்கு 999, பினாங்கு பொது மருத்துவமனைக்கு ஹோட்டலிலிருந்து எவ்வளவு நேரமாகும் என்பதை இரவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெளிநாட்டவருக்குப் பயணக் காப்புறுதி கட்டாயம்.

முடிந்த பிறகு சான்றிதழை உடனே கொடுக்க வேண்டாம். வெள்ளியன்று வருகைக் கடிதம் மட்டும் கையில் போகட்டும். ஆறு வாரம் கழித்து அதே மேசைகளை ஸூமில் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். திருத்திய பக்கங்களையும், எந்தக் குறிப்பை ஏற்றோம், எதை ஏன் விட்டோம் என்ற ஒரு பக்க விளக்கத்தையும் அனுப்பியவருக்குச் சான்றிதழ் மின்னஞ்சலில் போகும். அந்தக் கூட்டத்தின் தேதியை ஞாயிறு இரவு விருந்திலேயே எல்லோருடைய நாட்காட்டியிலும் குறிக்க வைத்துவிடுங்கள், பேராசிரியர்கள் உட்பட.